நாங்கள் மகால் பார்க்கத்தான் போனோம்

அன்றைக்கு நாங்கள் பெண் பார்க்கப் போகவில்லை. மகால் பார்க்கத்தான் போனோம். யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். ஆம்பூரில் ரயில் ஏறியதும் எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி ஒருவர், "குடும்பத்தோட எங்க பயணம்?" என்று சும்மா கேட்டதற்கே என் அக்கா, "மகால் பாக்க. மகால் பாக்க மட்டுந்தான். வேற ஒண்ணும் இல்ல" என்று அடுக்கிவிட்டாள். அந்த மனிதர் என் சலவைச் சட்டையையும் தலையிலிருந்து காதோரம் வழிந்த எண்ணெயையும் ஒரு பார்வை பார்த்தார். "நல்லபடியா முடியட்டும்பா" என்று வாழ்த்திவிட்டுக் குடியாத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பெண்ணை ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போய்க் கடிதம் எழுதுகிறோம் என்றார்கள், கடிதம் வரவில்லை. தெருவில் இருக்கிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? அவள் படித்து வாத்தியாரம்மா ஆனதுதான் குற்றம் என்றார்கள் சிலர். மூன்றாவது முறை என் மகளைத் தட்டோடு யார் முன்னாலும் நிறுத்த மாட்டேன் என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டார்கள். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன்தான் எல்லாம். அந்த மாமன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, பெரிய சண்டையின்போது கடல் தாண்டிப் பஸ்ராவரைக்கும் போய்த் திரும்பி, இப்போது வேலூர்க் கோட்டைக்குள் ஒரு பழைய மகாலுக்குக் காவலாக இருந்தார். பூட்டிக் கிடக்கும் மகால்தான். பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து, உள்ளே கூட்டிப் போய்க் கதை சொல்லிக் காட்டுவதும் அவர் வேலை. அவர்தான் எங்கள் சபைப் போதகரிடம் இப்படிச் சொல்லி அனுப்பினார்:

"வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தங்கச்சியும் அவ மகளும் மகால் பாக்க வர்றாங்க. அவங்களும் மகால் பாக்க வரட்டும். புடிச்சுதுன்னா பேசலாம். புடிக்கலைன்னா மகால் பாத்த மாதிரி ஆச்சு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

எங்கள் தோல் ஷாப்பின் முதலாளி சாயபு ஆகையால் எங்களுக்கு வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. நாள் பொருந்திவிட்டது. எங்கள் அம்மா மட்டும் வரவில்லை. அம்மா வந்தால் அது பெண் பார்ப்பதாகிவிடும் என்றார் அப்பா. அம்மா அதை ஒத்துக்கொண்டாலும், நாங்கள் கிளம்புகிற வரைக்கும் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருந்தேன். போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு வேலூர் போயிருந்தபோது கோயிலில் ஒரு பெண் எழுந்து பைபிளிலிருந்து வேதபாடம் வாசித்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பெரிய தூண். குரல் மட்டும் வந்தது. நீண்ட பெயர்கள் நிறைந்த அதிகாரம் அது; நானாக இருந்தால் நாலு இடத்தில் தடுக்கி விழுந்திருப்பேன். அந்தக் குரல் ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி போயிற்று. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில் எனக்கு ஒத்தாசையாக வீட்டில் யாரும் இருந்ததில்லை. அந்தக் குரல் தினமும் வீட்டில் கேட்டால் எப்படி இருக்கும் என்று தூணைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன். அந்தக் குரலுக்கு உரியவள்தான் இந்தப் பெண் என்று போதகர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே நான் என்னால் முடிந்த விதத்தில் தயாரானேன். வாசகசாலைக்குப் போய்க் கோட்டைகளைப் பற்றியும் அரண்மனைகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினேழு கேள்விகள் எழுதிக்கொண்டேன். பதினாறு கேள்விகள் மகாலைப் பற்றியவை. பதினேழாவது வேறு. அதை யாரிடமும் கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை. எழுதினால் மனசு அடங்கும் என்று எழுதினேன். அவள் சம்மதிப்பாளா என்பதே அது.

அக்காவின் தயாரிப்பு வேறு மாதிரி. தோல் ஷாப்புக் குடும்பம் என்றால் முதலில் மூக்கைத்தான் பிடிப்பார்கள் என்று அவளுக்குப் பயம். எங்கள் மூன்று பேருக்கும் சீயக்காய் போட்டு ஊறவைத்த தோலைத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டு, பக்கத்து வீட்டு பீபியம்மாவிடம் வாங்கிய அத்தர் புட்டியைக் கவிழ்த்துவிட்டாள். காட்பாடியில் இறங்கி ஜட்கா ஏறியபோது குதிரை திரும்பிப் பார்த்துத் தும்மியது.

ஆனால் அவளுடைய பெரிய கவலை அப்பாதான். அப்பா தோல் பதனிடும் பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. ஆவாரம் பட்டையை இடித்து ஊறவைத்த சாறு புதிதாக இருக்கும்போது முதல் தொட்டி. வலு குறையக் குறைய அதுவே இரண்டாம் தொட்டி, மூன்றாம் தொட்டி என்று இறங்கும். எந்தத் தொட்டியில் என்ன வலு இருக்கிறது என்று சொல்லுவது அப்பாவின் நாக்கு. சுண்டுவிரலை முக்கி, நாக்கின் ஓரத்தில் வைத்து, கண்ணை மூடுவார். திறக்கும்போது தீர்ப்பு வரும். முதலாளியே அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசமாட்டார். கையும் அப்படித்தான். தோல் என்று ஒன்று கண்ணில் பட்டால், செருப்பானாலும் குதிரைச் சேணமானாலும், தடவி மோந்து பார்க்காமல் அவரால் தாண்ட முடியாது.

"அப்பா, அங்க போயி எதையும் தடவாதே" என்றாள் அக்கா, ஜட்கா பாலாற்றுப் பாலத்தில் போகும்போது.

"செரிம்மா."

"மோந்து பாக்காதே."

"செரிம்மா."

"வாயில வெக்காதே."

"மகால்ல நான் இன்னாத்த வாயில வெக்கப் போறேன்?" என்றார் அப்பா, உண்மையாகவே புரியாமல்.

கோட்டை வாசலில் ஹவில்தார் எங்களுக்காகக் காத்திருந்தார். முறுக்கின மீசை, காக்கிச் சட்டை, மார்பில் இரண்டு பதக்கம். காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றவர் எங்கள் பக்கமிருந்து வீசிய காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுலருந்து நேரா வர்றீங்களா?" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் பெண்ணின் அம்மா. முந்தானையை மூக்கருகே வைத்திருந்தார்கள். அக்கா என் விலாவில் இடித்தாள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று அர்த்தம். அந்த அம்மாவுக்குப் பின்னால் ஊதாக் கரைச் சேலை ஒன்று தெரிந்தது. நான் அவசரமாக நோட்டைத் திறந்து முதல் கேள்வியைப் பார்த்தேன்.

மகாலை ஹவில்தார் காட்டிய விதமே தனி. பட்டாளத்தை நடத்துகிற மாதிரி எங்களை நடத்தினார். "எல்லாரும் இங்க நில்லுங்க. நின்னாச்சா? இப்ப மேல பாருங்க. பாத்தாச்சா? ராஜா தூங்குன எடம். நட!" பெரிய கூடத்தின் நடுவில் நிறுத்தி, "அட்டேன்ஷன்!" என்று ஒரு குரல் கொடுத்தார். கூரை வளைவுகள் அதை வாங்கி நாலு தரம் திருப்பிச் சொல்லின. மேலே தொங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் கிளம்பின. அப்பா விறைத்து நின்றுவிட்டார். பிறகுதான் அது தமக்கில்லை என்று தெரிந்து சிரித்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். புத்தகத்தில் படித்ததெல்லாம் எதிரே சுவராகவும் வளைவாகவும் நிற்கிறது! அகழியில் முதலை எத்தனை இருந்தது, குளிக்கும் அறைக்கு வெந்நீர் எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கக் கேட்க ஹவில்தாரும் உற்சாகமாகிவிட்டார். சுவரைக் காட்டி, "பளபளன்னு இருக்குதே, எப்படி? சுண்ணாம்போட முட்டை வெள்ளைக் கரு!" என்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே, "சுண்ணாம்ப எத்தினி நாளுங்க ஊறப் போட்டாங்க?" என்று கேட்டார். ஹவில்தார் நின்றுவிட்டார்.

"மேஸ்திரி, பதினோரு வருஷமா இந்த மகாலைக் காட்டறேன். கவர்னர் ஆபீசு தொரையிலருந்து கலவை ஊருச் சந்தைக்கு வர்ற ஆளு வரைக்கும் பாத்துட்டாங்க. எல்லாம் எத்தினி முட்டைன்னுதான் கேப்பாங்க. சுண்ணாம்பப் பத்தி ஒருத்தனும் கேட்டதில்ல."

அக்கா பெருமூச்சு விட்டாள். காரியம் நல்லபடியாகப் போகிறது என்று அதற்குப் பொருள்.

ராணிகள் இருந்த பகுதியில் கல்லில் குடைந்த ஜன்னல் ஒன்று இருந்தது. உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. ஹவில்தார் அதைச் சொன்னதும் அக்கா, "ஐய, பேஜாரான வூடு. பக்கத்து வூட்டுக்காரிகிட்ட ஒரு சண்டை போடணும்னாகூட மூஞ்சி தெரியாதே!" என்றாள். பின்னாலிருந்து மெல்லிய சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். நான் ஜன்னலில் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்; அது என் ஆறாவது கேள்வி. அக்கா என் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஓட்டைய எண்ணவாடா உன்னைக் கூட்டியாந்தேன்?"

எண்ணிக்கை போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கடைசியாக வாசலுக்கு மேலே இருந்த மேளக்கட்டுக்குப் படியேறினோம். அங்கே நகரா முரசு ஒன்று இருந்தது. ஆள் உட்காரலாம்போல் பெரியது. தோல் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தாலும் மீதி இறுக்கமாகவே நின்றது. ஹவில்தார் அதன் பக்கத்தில் போய் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய கதைகளில் இதுதான் கிரீடம் என்று தெரிந்தது.

"இது என்ன தோலு தெரியுமா? ராஜா தன் கையால குத்திக் கொன்ன புலி! இதை ஒரு அடி அடிச்சா பாலாத்துக்கு அந்தப் பக்கம் எதிரியோட குதிரை எல்லாம் மூத்திரம் பேஞ்சிடும். புலி வாசனை சத்தத்துலயே போவும்."

நான் 'புலித்தோல்' என்று எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது அப்பாவைப் பார்த்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றுகொண்டிருந்தார். ஆனால் பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்து, கட்டைவிரல் தானாகவே நகராவின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கை மெல்ல மூக்குக்குப் போயிற்று. அக்கா கண்ணால் கெஞ்சினாள்.

"இன்னா மேஸ்திரி, தோலு எப்படி?" என்றார் ஹவில்தார், பெருமையாக. தோல் வேலைக்காரரிடம் பாராட்டு வாங்கப் போகிற பெருமை.

அப்பா கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். "நல்லா இருக்குதுங்க" என்றார் கடைசியில்.

அக்காவுக்கு உயிர் வந்தது.

"எருமைக் கன்னுக்குட்டித் தோலு இத்தினி வருஷம் நிக்கறதுன்னா, நல்லாவே பதம் பண்ணியிருக்காங்க" என்றார் அப்பா.

ஹவில்தாரின் மீசை நகரவில்லை. அப்பாவுக்குத் தாம் செய்தது உறைத்தது, அதைச் சரிக்கட்டப் போய், "மயிர்க்காலு தள்ளித் தள்ளி இருக்குது பாருங்க. புலிக்கு நெருக்கமா இல்ல இருக்கும்?" என்று காரணமும் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன்! அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் நிற்கிறது என் காரியம். அவருடைய புலியை அவர் எதிரிலேயே எருமைக் கன்றாக்கிவிட்டோம்.

ஏதாவது பேசி நிலைமையைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டுத்தானே. "ஐயா, அப்ப இதுல என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டையும் எழுதுங்க" என்றது தூணுக்குப் பின்னால் கேட்ட அதே குரல். "மாமா சொன்னதையும் எழுதுங்க. அவங்க சொன்னதையும் எழுதுங்க. படிக்கறவங்க வந்து பாத்துக்கட்டும்."

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடிதான். கண் சிரித்துக்கொண்டிருந்தது, வாய் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. குனிந்து 'புலித்தோல்' என்பதன் கீழே 'எருமைக் கன்றின் தோல்' என்று எழுதினேன்.

"மணி நாலு" என்றார் ஹவில்தார் விறைப்பாக. "டீ."

பட்டாளத்தில் பழகிய பழக்கம். இடி விழுந்தாலும் நாலு மணிக்கு அவருக்கு டீ வேண்டும். வேலூர்க் கோடை வெயிலில் கல் எல்லாம் அனலாகக் கொதிக்கும்போது, மகாலின் பின்பக்கத்து வளைவின் கீழே ஒரு பாயை விரித்து, ஊருக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன மூக்குடைந்த பீங்கான் கூஜாவில் டீ வந்தது. பால் தனியாக ஒரு செம்பில். கோப்பை நாலுதான். எங்கள் வீட்டில் யாரும் டீ குடித்தவர்கள் இல்லை. நான் மட்டும் ஒரு தடவை ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹவில்தாரே ஊற்றினார். முதல் கோப்பையை அப்பாவிடம் நீட்டினார். "பாலு ஊத்தறதுக்கு முன்ன கலரைப் பாருங்க மேஸ்திரி. பஸ்ராவுல எங்க கர்னல் தொரையே என் கை டீயைத்தான் கேப்பாரு."

அப்பா கோப்பையை வாங்கினார். வருஷக்கணக்காகப் பட்டைச் சாற்றில் ஊறிய அவருடைய விரல்களும் கோப்பைக்குள் இருந்ததும் ஒரே நிறம். அவர் உள்ளே பார்த்தார். முகர்ந்தார். முப்பது வருஷமாக ஒவ்வொரு காலையிலும் பார்த்த அதே செம்பழுப்பு, அதே துவர்ப்பு வாசனை. அவர் யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாக. சுண்டுவிரல் கோப்பைக்குள் போயிற்று. நாக்கின் ஓரத்துக்கு வந்தது. கண் மூடியது.

"அப்பா!" என்றாள் அக்கா, மூச்சு மட்டும் வருகிற குரலில்.

கண் திறந்தது.

"மூணாந் தொட்டி" என்றார் அப்பா.

"இன்னா?" என்றார் ஹவில்தார்.

"வலு கம்மிங்க. இதுல ஏற்கெனவே ஒருவாட்டி வேலை வாங்கியாச்சு. பட்டை மாத்தணும்."

நான் நோட்டை மூடிவிட்டேன். மூட வேண்டியது என் வாழ்க்கையையும்தான் என்று தோன்றியது. ஹவில்தார் கூஜாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி கூஜாவைப் பார்த்தார். அப்போது எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அதுவரைக்கும் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காத பெண்ணின் அம்மா, அதை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, பாயில் சாய்ந்து சிரித்தார்கள்.

"காலையில வெச்ச தூளுங்க அது! புதுசு போடு அண்ணேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இவங்க தோலு ஷாப்புக்காரங்க, இவங்களுக்கு இன்னா தெரியப் போவுதுன்னாரு!"

ஹவில்தாரின் மீசையில் ஒரு பக்கம் அசைந்தது. பிறகு மறு பக்கம். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கூடத்துக்குள் ஒட்டியிருந்த வௌவால்கள் மறுபடி கிளம்பியிருக்கும்.

"பதினோரு வருஷம்! எத்தினி தொரைக்கு ஊத்தியிருப்பேன்! ஒருத்தன் கண்டுபுடிச்சானா? 'வெரி குட் டீ, வெரி குட் டீ'ன்னுட்டுப் போனானுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தோளைப் பிடித்தார். "மேஸ்திரி, அந்த நகரா எருமைத் தோலுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எங்கப்பன் ராணிப்பேட்டையில தோலு சுரண்டினவன். எருமைக் கன்னுன்னு சொன்னா எந்தத் தொரை அந்தப் படியேறுவான்?"

"அப்ப நீங்களும் நம்ம ஆளுதானா?" என்று அக்கா கத்தியேவிட்டாள். "பின்ன அம்மா ஏன் மூக்கைப் புடிச்சுக்கிட்டே வந்தாங்க?"

"தோலு வாசனை எனக்குத் தாய்வூட்டு வாசனைம்மா" என்றார்கள் பெண்ணின் அம்மா. "நீங்க பூசிக்கிட்டு வந்தீங்களே, அந்த அத்தருதான் காலையில சாப்பிட்டத வெளிய கொண்டாரப் பாக்குது."

இதற்கு அக்காவே தன் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஹவில்தார் எழுந்து நின்று, மகால் காட்டுகிறபோது நிற்கிற மாதிரியே காலைச் சேர்த்துக்கொண்டார்.

"மேஸ்திரி! வந்த கொஞ்ச நேரத்துல என் புலிய எருமையாக்கிட்டீங்க. என் டீயைத் தொட்டித் தண்ணியாக்கிட்டீங்க. அடுத்து எங்க பொண்ணைப் பத்தி வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே நான் சொல்லிடறேன். எங்க பக்கம் செரி. ஆனா ஒண்ணு. அவ சொல்லணும். அவ வாயால சொல்லாம ஒரு ஜோலியும் நடக்காது. இதுக்கு முன்ன வந்தவங்க யாரும் அவளைக் கேக்கல, நானும் கேக்கல. இந்தவாட்டி கேட்டுத்தான் ஆவணும்."

"நாங்க மகால் பாக்கத்தாங்க வந்தோம்" என்றாள் அக்கா, ஒப்பந்தத்தை மறக்காமல். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள்.

புதுத் தூள் போட்டு டீ வைக்கப் பெண் எழுந்து போனாள். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் திரும்பி வந்து, என்னிடம் இல்லை, அக்காவிடம் சொல்லுகிற மாதிரி, "அந்த நோட்டைக் கொஞ்சம் குடுத்தாங்கன்னா பாத்துட்டுத் தருவேன் அக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு மகாலைப் பத்திச் சொல்லலாம்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பென்சிலோடு நீட்டினேன். அடுப்புப் பக்கம் கொண்டுபோய், நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். டீயோடு நோட்டையும் திருப்பிக் கொடுத்தாள். அப்பா சுண்டுவிரலை முக்கினார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை, எல்லாரும் காத்திருந்தார்கள்.

"மொதத் தொட்டி!" என்றார் அப்பா. ஹவில்தார் கைதட்டினார். நாங்கள் வியர்வை ஒழுக ஒழுக இரண்டு சுற்றுக் குடித்தோம். கோப்பை போதாமல் அக்கா செம்பிலேயே குடித்தாள்.

சாயங்கால ரயிலில் காட்பாடி தாண்டிய பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. பதினேழாவது கேள்வி! அந்த நோட்டை அவள் கடைசிப் பக்கம்வரை புரட்டினாளே! நோட்டைத் திறந்தேன்.

'17. பெண்ணிர்க்குச் சம்மதமா?' என்று எழுதி வைத்திருந்தேன். அவசரத்தில் எழுதியது. 'பெண்ணிர்க்கு' என்பதில் சின்ன ரகரத்தைச் சுழித்துவிட்டு, மேலே அழகாகப் பெரிய றகரம் போட்டிருந்தாள். பெண்ணிற்கு. வாத்தியாரம்மா திருத்தம். அதற்குப் பக்கத்தில், வகுப்பில் எழுதுவதுபோலவே, ஒரே ஒரு சொல்: 'சரி'.

அக்காவுக்கும் அப்பாவுக்கும் எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். வாசித்தபிறகு, என் புத்தியின் கோளாறு, சந்தேகமும் வந்தது.

"அக்கா, இதுல ஒரு சிக்கல் இருக்குது. நான் எழுதினதுல ஒரு தப்பு. அதைத் திருத்தியிருக்காங்க. திருத்தினதுக்கப்புறம் அது சரின்னு போட்டாங்களா, இல்ல கேள்விக்குப் பதிலா சரின்னு போட்டாங்களா, தெரியலையே. இலக்கணப்படி பாத்தா ரெண்டு விதமாவும்…"

"ரெண்டு விதமா பாத்தே, இங்கயே தள்ளிட்டுப் போயிடுவேன்" என்றாள் அக்கா. "மத்த கேள்வியில தப்பே இல்லையா?"

புரட்டிப் பார்த்தேன். இருந்தது. நாலாவது கேள்வியில் ஒரு ஒற்று விட்டிருந்தேன், சேர்த்திருந்தாள். பதினொன்றாவதில் ஒரு எழுத்து மாறியிருந்தது, மாற்றியிருந்தாள்.

"அங்கெல்லாம் சரின்னு போட்டாளா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாடா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அக்கா நோட்டை என் கையிலிருந்து பிடுங்கி, எழுத்துத் தெரியாத தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அந்தச் 'சரி'யை ரொம்ப நேரம் பார்த்தாள். தலைகீழாகத்தான் பிடித்திருந்தாள். நான் சொல்லவில்லை.

வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு எப்படிடா இருக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். மகாலில் எத்தனை வளைவு என்று சொல்ல முடிந்தது. கல் ஜன்னலில் எத்தனை துளை என்று சொல்ல முடிந்தது, பாதிவரைக்கும். அவள் என்ன உயரம், என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை.

"ஊதாக் கரைச் சேலைம்மா" என்றேன். "எழுத்து நல்லா இருக்குது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார்.

"மொதத் தொட்டி" என்றார்.